பால் போத்தலுக்கு எப்போது விடை கொடுப்பது?



உங்கள் வீட்டில் ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன பிள்ளை இருக்கிறதா? அது இன்னும் போத்தலில்தான் பால் குடிக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். படிக்க நேரமில்லை என்றால், பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லி, சமைத்துக்கொண்டே கேளுங்கள்.

பிள்ளைக்குப் போத்தல் கொடுக்கும் தாயைக் குறை சொல்ல நான் வரவில்லை. விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டியவள் அவள். இரவில் பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுக்காரரும் தூங்க முடியாது; லயத்து வீட்டுச் சுவர் அப்படி. வாயில் போத்தலை வைத்தால் அழுகை நின்றுவிடுகிறது. வேறு என்ன செய்வாள்? இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. தாய் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறாள். வேலை மாறியது, அவசரம் மாறவில்லை. அதனால் போத்தலும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் போத்தல் தேவையில்லை. ஆறு மாதத்திலிருந்தே கோப்பையில் குடிக்கப் பழக்கி, ஒரு வயதை ஒட்டிப் போத்தலைக் குறைத்து, ஒன்றரை வயதுக்குள் அடியோடு நிறுத்திவிடுவது நல்லது என்பது மருத்துவர்களின் அறிவுரை.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு உணவோடு சேர்த்து 2 வயது வரைக்கும், விரும்பினால் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாம் நிறுத்தப் போவது போத்தலை மட்டுந்தான்.

பல்லுக்கு வரும் கேடு

முதலாம் ஆண்டு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறேன். மேல் வரிசை முன்பற்கள் கறுத்து, பாதி கரைந்து, ஈறோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு சிறுமி பாடத்தை அழகாக வாசிப்பாள். ஆனால் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டுதான் வாசிப்பாள். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களாம். அவளுடைய தாய் அன்பில் எந்தக் குறையும் வைத்தவள் அல்ல. மூன்று வயது வரை ஒவ்வோர் இரவும் இனிப்புப் பால் போத்தலோடு தூங்க வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பிள்ளை தூங்கும்போது வாயில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பகலில் பல்லைக் கழுவிவிடும் அந்த எச்சில் இல்லாததால் பால் பல்லின்மேலேயே தேங்கி நிற்கும். வாயில் இருக்கும் கிருமிகள் அந்தச் சீனியைத் தின்று புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்புத்தான் பல்லை அரிக்கிறது. பல்லோரத்தில் முதலில் சுண்ணாம்பு வைத்ததுபோல் வெள்ளைக் கோடு தெரியும். பிறகு அது பழுப்பாகி, கறுப்பாகும். வெள்ளைக் கோடு தெரிந்தவுடனே பல் மருத்துவரிடம் காட்டினால் பல்லைக் காப்பாற்ற வழியுண்டு.

"பால்பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது" என்று சொல்வோர் உண்டு. முன்பற்கள் விழ ஆறு, ஏழு வயதாகும். கடைவாய்ப் பால்பற்களோ பத்து வயதுக்கு மேலும் இருக்க வேண்டியவை. அதுவரை பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? பல்வலியோடு இரவெல்லாம் அழுத பிள்ளை காலையில் என்ன படிக்கும்? போதாக்குறைக்கு, படுத்துக்கொண்டே போத்தலில் குடிக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் பிடிப்பதும் உண்டு.

பால் மிஞ்சினால் இரத்தம் குறையும்

இது பலருக்கு வியப்பாக இருக்கும். பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. நாளுக்கு நாலைந்து போத்தல் பால் குடித்த பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். சோறும் மீனும் கீரையும் வேண்டாம் என்று தலையை ஆட்டும். உடம்பு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெளுத்துப் போயிருக்கும். அதுதான் இரத்தச் சோகை. அந்தப் பிள்ளை சோர்ந்து கிடக்கும். பின்னாளில் பாடமும் மனத்தில் ஏறாது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் பால் போதும். மற்றது உணவிலிருந்துதான் வர வேண்டும்.

டின் பாலின் பழைய கதை

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாயாவுக்கு வந்து வேலை செய்தவர். 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஓர் உரை ஆற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும். ஏழைத் தாய்மார்களிடம் இனிப்பு டின் பாலைக் குழந்தை உணவு என்று சொல்லி விற்பதால் பச்சைக் குழந்தைகள் சாகின்றன என்று, பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையிலேயே அவர் துணிந்து சொன்னார். 42 ஆண்டுகள் கழித்து, 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பால்களை எப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதிகளை உலகச் சுகாதார மாமன்றம் நிறைவேற்றியது.

அந்த டின் இன்றும் நம் அடுப்படியில் இருக்கிறது. தேநீருக்கு ஊற்றுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அதில் ஏறத்தாழ பாதி சீனிதான். பிள்ளையின் போத்தலிலும் ஊற்றாதீர்கள், கோப்பையிலும் ஊற்றாதீர்கள்.

எப்படி நிறுத்துவது?

ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பிள்ளைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். இரண்டு வாய் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுங்கள். பாதி சட்டையில் சிந்தும், சிந்தட்டும். தண்ணீர் குடிக்கப் பழகிய பிறகு பாலையும் அதிலேயே கொடுங்கள்.

அடுத்து, பகல் போத்தல்களை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். மத்தியானப் போத்தலை நிறுத்துவது எளிது. அந்த நேரம் பிள்ளை விளையாட்டில் இருக்கும். நாலைந்து நாள் கழித்து மாலைப் போத்தல், அதன் பிறகு காலைப் போத்தல். போத்தல் கேட்கும் நேரத்தில் ஒரு வாழைப்பழமோ, இட்லியோ, பிசைந்த பருப்புச் சோறோ கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில் வருவது இரவுப் போத்தல். கெட்டியாகப் பிடித்திருக்கும் வேர் அதுதான். ஒரு வயது கடந்து, நன்றாகச் சாப்பிடும் பிள்ளையென்றால், இரவுப் போத்தலில் நாளுக்கு நாள் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். பத்து நாளில் அது வெறும் தண்ணீராகிவிடும். வெறும் தண்ணீருக்காக எந்தப் பிள்ளையும் வெகுநாள் அழாது. குடிக்க வேண்டிய பாலை இரவுச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுத்து, பல்லைத் துலக்கிவிட்டுப் படுக்க வையுங்கள். பிள்ளை தேடுவது பாலை மட்டுமல்ல, துணையையும். முதுகைத் தட்டிக்கொடுங்கள், தாலாட்டுப் பாடுங்கள், பாட்டி ஒரு கதை சொல்லட்டும். மூன்று, நான்கு இரவு அழும். அடுத்த வீட்டுக்காரரிடம், "அக்கா, பிள்ளைக்குப் போத்தலை மறக்கடிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரும் பிள்ளை பெற்றவர்தானே!

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு முழுவதும் ஒரே சொல்லாக நிற்க வேண்டும். அம்மா மறுத்ததை அப்பா கொடுத்தால், அப்பா மறுத்ததை ஆயா கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆயாவிடமும் ஒரு டம்ளரைக் கொடுத்து வையுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது தொடங்க வேண்டாம். வீடு மாறும் சமயத்திலும், புதுத் தம்பி தங்கை பிறந்திருக்கும் சமயத்திலும் வேண்டாம்.

போத்தலின் ரப்பர் காம்பில் கசப்பு தடவும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதற்கு வேப்பெண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை நம் நாட்டு மருத்துவர்களே 1981-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். மருந்தென்று நினைத்துக் கொடுப்பது நஞ்சாகிவிடலாம். மிளகாயும் வேண்டாம், அடியும் வேண்டாம். "இத்தனை பெரிய பிள்ளை போத்தல் குடிக்குதா" என்று பலர் முன் கேலி செய்யவும் வேண்டாம்.

போத்தலை நிறுத்திவிட்டு, கலர் தண்ணீரையும் பொட்டலப் பானத்தையும் கையில் கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

சில நாள் பிள்ளை பாலைக் குறைவாகக் குடிக்கும். பயப்படாதீர்கள். தயிர், முட்டை, முள் நீக்கிய மீன், பொடித்த நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கூடவே பப்பாளித் துண்டோ கொய்யாத் துண்டோ கொடுத்தால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் பிள்ளை தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரும் குறைந்து, சோர்ந்து படுத்துவிட்டால் தாமதிக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கெட்ட பழக்கத்துக்கு மட்டுமல்ல, நல்ல பழக்கத்துக்கும் அது பொருந்தும். சில இரவுத் தூக்கத்தை நீங்கள் விட்டுக்கொடுத்தால், பிள்ளை நல்ல பல்லோடும் நல்ல பசியோடும் பள்ளிக்கு வரும். அப்படி வரும் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது எங்கள் பொறுப்பு. இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் அந்தச் சின்ன டம்ளரைத் தேடி எடுத்துக் கழுவி வையுங்கள்.