நேட்டோ: உக்ரைனில் ஊருக்கு ஊர் ஒரு பதில்

நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேரலாமா? 2014-க்கு முன் உக்ரைனில் இப்படிக் கேட்டால் ஊருக்கு ஊர் பதில் மாறும். முன்பு ஆஸ்திரியப் பேரரசிலும் பிறகு போலந்திலும் இருந்த மேற்கு நகரம் லிவிவில் ஆதரவு அதிகம். ரஷ்ய மொழி புழங்கும் நிலக்கரிச் சீமையான டொனெட்ஸ்கில் எதிர்ப்பே மிகுதி. எந்த அணியிலும் சேர்வதில்லை என்று 2010-இல் சட்டமே போட்டார்கள். 2014-இல் கிரிமியாவை ரஷ்யா பறித்துக்கொண்டது. அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம் அணிசேரா நிலையைக் கைவிட்டது. ரஷ்யாவின் 2022 படையெடுப்புக்குப் பின், கருத்துக்கணிப்புகளில் கிழக்கிலும் ஆதரவு பாதியைத் தாண்டியது. மனத்தை மாற்றியவை ரஷ்ய பீரங்கிகள்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒன்று, ரஷ்யப் பிடியிலுள்ள பகுதிகளின் மக்கள் இந்தக் கணிப்புகளில் சேர்க்கப்படவில்லை.