காய்ந்த மண் இல்லாத ஊர்

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு மசாலாக் கிடங்குகளையும் டச்சு அரண்மனையையும் பார்க்க வருகிறவர்கள் கல்வத்தி கால்வாயை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவார்கள். ஓதம் வற்றிய நேரத்தில் அழுகிய முட்டை வாடை வரும். அதில் கடலுக்கும் பங்குண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் கரைந்திருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் அழுக்கைத் தின்னும் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இந்தச் சல்ஃபேட்டைச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன. உள்நாட்டுச் சாக்கடையும் நாறத்தான் செய்கிறது. உப்பங்கழிச் சாக்கடைக்கோ மூலப்பொருளைக் கடலே தினமும் இருமுறை கொண்டுவந்து சேர்க்கிறது.

கொச்சியில் பாதாளச் சாக்கடை நகரின் மிகச் சிறு பகுதியோடு நின்றுவிட்டது. மற்ற இடங்களிலும் சுற்றியுள்ள தீவுக் கிராமங்களிலும் செப்டிக் டேங்கே கதி. கழிவைச் சுத்தம் செய்வது டேங்க் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது செய்வது பாதி வேலைகூட இல்லை. கனமான கசடு அடியில் தங்கும், கொஞ்சம் புளித்துக் கரையும், கிருமிகளில் பெரும்பகுதி தண்ணீரோடு அப்படியே வெளியேறும். மீதி வேலையைச் செய்வது, அந்தத் தண்ணீர் போய் இறங்கும் உறிஞ்சுகுழிக்குக் கீழே இருக்கும் மண்.

அதுவும் காய்ந்த மண். மணல் துகள்கள் மேல் மெல்லிய நீர்ப்படலம், இடுக்கெல்லாம் காற்று. அந்தப் படலத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இடுக்குக் காற்றைச் சுவாசித்தபடி அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. நோய்க்கிருமிகள் துகள்களில் ஒட்டிக்கொண்டு சாகின்றன. அதே இடுக்குகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் கதை மாறுகிறது. காற்றில் பரவும் வேகத்தோடு பார்த்தால் ஆக்சிஜன் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டும், கிருமிகள் நிலத்தடி நீரோடு பக்கத்துக் கிணற்றுக்குப் பயணமாகும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது இருந்தால் நல்லது என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான். கொச்சிக் கடலோரத்தில் மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. அங்கே 2 மீட்டருக்கு எங்கே போவது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கசடை லாரியில் உறிஞ்சி எடுத்தபின் காலி டேங்க் நிலத்துக்குள்ளேயே படகாகிவிடும். 2 கன மீட்டர் டேங்க் முழுதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி அதை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமம். கனம் போதாத டேங்க் கிளம்பிவிடும்.

கீழே இடமில்லை என்றால் மேலே கட்ட வேண்டியதுதான். பிரிட்டிஷ் பொறியாளர் பால் கால்வெர்ட் 1990-களின் நடுவில் கேரளக் கடற்கரை மீனவர் குடியிருப்புகளில் செய்தது அதைத்தான். படியேறிப் போகும் கழிப்பறை. அடியில் தரைக்கு மேலேயே இரண்டு அறைகள். மலம் அறைக்குள் வைக்கோல் மேல் விழும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். சிறுநீரும் கால் கழுவிய நீரும் தனி வழியில் வெளியே செடிப் பாத்திக்குப் போய்விடும். கழுவும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு இதுதான் முக்கியமான மாற்றம். இதே போன்ற வியட்நாமின் இரட்டை அறைக் கழிப்பறையில் அதற்கு ஏற்பாடு கிடையாது.

ஓர் அறை நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள். மூடிய அறையில் ஈரம் வற்ற வற்றக் கிருமிகள் மடியும். எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது நாக்குப்பூச்சியின் முட்டை. அதையும் கணக்கில் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம், 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள ஊர்களில் ஓராண்டுக்கு மேல் மூடிவைக்கச் சொல்கிறது. சாம்பலின் காரத்தால் பிஹெச் 9-ஐத் தாண்டினால் ஆறு மாதம் போதும். பிறகு தென்னைக்குப் போடலாம்.

இதில் வீட்டாரின் ஒழுங்கு வேண்டும். விவரம் தெரியாத விருந்தாளி ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை அறைக்குள் ஊற்றிவிட்டால் நாற்றம் தொடங்கிவிடும். குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். அதன் அளவு அதிகம், ஆபத்து குறைவு. வாழைப் பாத்தி கொஞ்சம் தாங்கும்.

நீர்மட்டம் மேலே இருப்பது கடற்கரைக்கு மட்டுமான தொல்லையும் அல்ல. காவிரிக் கரை முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் எம். சுப்புராமன் இதே வகைக் கழிப்பறைகளைப் பரப்பினார்; 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முசிறியின் பொதுக் கழிப்பறை ஒன்றில் உள்ளே போகிறவருக்குக் காசு கொடுத்தார்கள். பேருந்து நிலையங்களில் சில்லறை தேடும் நமக்கு நம்பச் சிரமம்தான். அவர்களுக்கு வேண்டியிருந்தது சிறுநீர், வயலுக்கு உரமாக.