தாலிச் சங்கிலி அடகு கடையில்... மகளுக்கு கேமரா!

ரிச்சி தெருவில் ஒரு தகப்பனாருடன் ஒரு மாலைப் பொழுது

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. சனிக்கிழமை சாயங்காலம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்!

அந்த நெரிசலில், சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை. வயது 50 இருக்கும். வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"மக சினிமா காலேஜ்ல கேமரா படிப்பு படிக்குது தம்பி. பொறந்த நாளுக்கு கேமரா வாங்கித் தரலாம்னு வந்தேன். வூட்ல சங்கிலிய வச்சு 60 ஆயிரம் கொண்ணாந்திருக்கேன்" என்றார்.

"எந்த கேமரா அண்ணே?"

"பெரிசா, கறுப்பா, நல்லதா ஒண்ணு!"

நைசாக வந்த ஆசாமி

இதைக் காதில் வாங்கிய ஒரு வாலிபர் நைசாக பக்கத்தில் வந்தார். தோளில் தொங்கிய பையைத் திறந்து காட்டினார். உள்ளே பளபளவென்று ஒரு கேமரா!

"கடையில ஒரு லட்சம்ணே. நான் 25க்கு தர்றேன்."

பெட்டி இல்லை. சார்ஜர் இல்லை. பில்? "அது எதுக்குண்ணே? அதனாலதான் விலை கம்மி!"

ஆட்டோக்காரரின் கை சட்டைப் பைக்குள் போனது. எனக்கு பகீர் என்றது. சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கேமராவுக்கும் தனி நம்பர் உண்டு. பெரும்பாலும் அடிப்பாகத்தில் இருக்கும். கேமராவைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கும்போது அந்த நம்பரையும் எழுதிக் கொடுப்பார். போலீஸ் தேடி வந்தால் கேமரா யார் கையில் இருக்கும்? படிக்கிற பெண்ணின் கையில்!

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். 2024 ஜூலைக்கு முன்பு இது இந்திய தண்டனைச் சட்டம் 411. கால் விலைக்கு, பில் இல்லாமல் வாங்கிவிட்டு "தெரியாதுங்க" என்றால் யார் நம்புவார்கள்?

"நம்பரைக் கொஞ்சம் காட்டுப்பா" என்றேன். அவ்வளவுதான். பையை மூடினார். ஆள் மாயம்!

பழைய கேமரா வாங்குவது தப்பில்லை. பழைய பில் வேண்டும். விற்பவர் யார் என்று தெரிய வேண்டும். பில்லில் உள்ள நம்பரும் கேமராவில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம்.

முதலாவது, வெளிச்சத்தையும் ஷட்டரையும் கையாலேயே மாற்றும் வசதி. நம் ஊர் கரண்டு 50 சைக்கிள். விநாடிக்கு 25 படம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப் லைட் கண் சிமிட்டாது. எல்லாவற்றையும் கேமராவே செய்துவிட்டால் பெண் எதைக் கற்றுக்கொள்வது?

இரண்டாவது, லென்சைக் கழற்றி மாட்டும் வசதி.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மைக் சொருக இடம் இருக்கிறதா? கேனான் 1500டி நன்றாகத்தான் படம் எடுக்கும். ஆனால் வெளி மைக் சொருக வழி கிடையாது. சோனி இசட்வி-இ10, கேனான் ஆர்50 இரண்டிலும் உண்டு. படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பொறுப்பார்கள். வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்!

பெட்டிக்கே கொட்டாதீர்கள்!

60 ஆயிரத்தையும் கேமராவுக்கே கொடுத்துவிட்டால் மைக்குக்கு யாரிடம் போவது? 45-க்குள் கேமராவை முடித்தால்தான் மைக், ஸ்டாண்டு, கூடுதல் பேட்டரி, கார்டு எல்லாம் வாங்க முடியும்.

கார்டு சாதாரண செலவல்ல. 4கே படம் விநாடிக்கு 100 மெகாபிட் கணக்கில் பதிவானால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி விழுங்கும். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம்கூட தாங்காது. கார்டில் வி30 என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை உயர்ந்த கேமராதான் படம் எடுக்கும் என்பதும் இல்லை. அமெரிக்க டைரக்டர் ஷான் பேக்கர் 2015-ல் வெளிவந்த 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ் வைத்தே எடுத்தார்!

"மகளைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்த ஆசை. அரை மனசோடு போன் போட்டார்.

"பெரிசு எதுவும் வேணாம்பா. மைக் மாட்ற மாதிரி இருந்தா போதும்" என்றது மறுமுனை. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எதுப்பா பணம்?" என்று கேட்டது. அப்பா பதில் சொல்லவில்லை.

இரவு 8 மணிக்கு ஒரு கடையில் வியாபாரம் முடிந்தது. லேசாக உபயோகித்த கேமரா. பழைய பில்லும் பெட்டியும் இருந்தன. கடைக்காரர் புது பில் போட்டார். நம்பரை இரண்டு தடவை ஒத்துப் பார்த்தோம். மைக், ஸ்டாண்டு, இரண்டு கார்டு வாங்கிய பிறகும் கையில் கொஞ்சம் மிச்சம்.

"சங்கிலிய மீட்க ஒரு வருஷம் ஆவும் தம்பி. பரவால்ல" என்றார்.

கேமரா பில்லையும் அடகுச் சீட்டையும் ஒன்றாக மடித்து, அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினார்.