சுருதிப் பெட்டியும் கீபோர்டும்

மார்டள்ளியில் எங்கள் வீட்டில் விடியற்காலையில் முதலில் எழுவது சுருதிப் பெட்டிதான். என் அண்ணன் பேத்தி நான்கு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்று வருகிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடப் போனவளை, காந்தாரம் இறங்குகிறது, அபசுரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தாத்தா, வீட்டில் சேருகிற சுரம் கீபோர்டோடு மட்டும் ஏன் சேரவில்லை?" என்று கண் கலங்கக் கேட்டாள். இரண்டுமே மின்னணுப் பெட்டிகள்தாமே! இதற்கு விடை சொல்ல, அவை வந்த வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

கீபோர்டு நமக்கு வந்தது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து. (அதற்கு முன்பே, 1969இல், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்காவின் மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டவில்லை.) இக்குதாரோ காகேஹாஷி 1972இல் ஒசாகாவில் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்-7 வந்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒரே கம்பியில் இணைக்கும் 'மிடி' முறையும் அதே ஆண்டில்தான். தமிழ்த் திரையில் இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' 1986இலும், ரகுமானின் 'ரோஜா' 1992இலும் இந்தக் கருவிகளின் ஒலியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன.

ஆனால் இக்கருவிகளின் கட்டைகள் பியானோவின் கட்டைகள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டியவை. எந்தச் சுருதிக்கு மாற்றினாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் இது. படிக்கும் படிக்கும் இடையே இழைந்து போகவும் வழியில்லை. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தபோது, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி கொண்ட ரோலண்டு டிபி-303ஐப் பயன்படுத்தினார். அப்போது அந்தத் தட்டைச் சீந்துவாரில்லை. 2010இல் மறுபதிப்பானபோது மேல்நாட்டார் வியந்து பாராட்டினார்கள்!

சுருதிப் பெட்டியின் கதை நம் பக்கத்துக் கதை. பெங்களூரில் 1979இல் ரேடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜி. ராஜ்நாராயண் ஒரு பொறியாளர். புல்லாங்குழல் வாசிப்பவரும் கூட. தம்புராவைத் தூக்கிச் செல்வதும், மீட்ட ஆள் தேடுவதும் எத்தனை சிரமம் என்பது பாடகர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பது ஆசிலேட்டர் எனப்படும் அலையியற்றி. ரயில்வேயில் தண்டவாளத்தின் மேல் வண்டி நிற்கிறதா என்று கண்டறியும் சில சுற்றுகளிலும் இதன் உறவினரைத்தான் வைத்திருந்தோம். பிற்காலத்தில் உண்மைத் தம்புராவின் நாதத்தையே பதிவு செய்து சில்லில் அடக்கினார்கள். இன்று கைப்பேசியிலேயே தம்புரா கிடைக்கிறது.

இனி பேத்தியின் காந்தாரம். கீபோர்டில் ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜம் விநாடிக்கு 261.6 அதிர்வு. தம்புராவில் ஸட்ஜத் தந்தியை மீட்டினால் அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும். ஜீவா நூல் அவற்றை எடுத்துக் காட்டும். ஐந்தாவது மடங்கான 1308தான் தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம். அதை நான்கால் வகுத்து நம் ஸ்தாயிக்குக் கொண்டுவந்தால் 327. கீபோர்டின் காந்தாரக் கட்டையோ 329.6. பஞ்சமத்தில் அரை அதிர்வுகூட வித்தியாசமில்லை, யாருக்கும் உறுத்தாது. காந்தாரத்தில் இரண்டரைக்கு மேல் போய்விடுகிறது. தம்புராவோடு இழைந்து நின்று பழகிய குரல் 327ஐத் தேடும். கீபோர்டு காதுக்கு அது இறங்கியதாகத்தான் படும். கமகத்தோடு பாடும்போது இது மறைந்துவிடும். நீட்டி நிறுத்தினால் காட்டிக் கொடுக்கும்.

ஆகவே அவள் பாடியது அபசுரம் அல்ல. அவர்கள் காதும் பொய் சொல்லவில்லை.

பல கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி உண்டு. அரபு நாட்டு இசைக்காக வைத்தது. நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஒரு நண்பரின் கீபோர்டை வாங்கி, காந்தாரத்தை மட்டும் 14 சென்ட் இறக்கிக் கொடுத்தேன். (ஒரு சுரப்படிக்கு 100 சென்ட்.) பேத்தி நீட்டிப் பாடினாள், சேர்ந்தது. சுருதியை மாற்றினால் இறக்க வேண்டிய கட்டையும் மாறும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கீபோர்டின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.