தெளிந்த நீரும் தட்டைப்புழுவும்

அண்மையில் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது, ஊர்க்குட்டையில் படர்ந்த பச்சை ஏட்டைப் போக்க மயில்துத்தம் வாங்கும் தீர்மானம் நமது பார்வைக்கு வந்தது. கறவை மாட்டுக் கடன் பெற்ற அங்கத்தினர்களின் மாடுகள் நீர் அருந்தும் குட்டை அது.

அந்த ஏடு நீலப்பச்சைப் பாசி. பெயர் பாசியாயினும் அது பாக்டீரியா இனமே. எருக்கழிவு கலந்து தேங்கிய நீரில் வெயிற்காலத்தே பெருகும். அதன் வகைகளில் சில நஞ்சை உண்டாக்குகின்றன. எவை என்பது கண்ணால் பார்த்துத் தெரிவதன்று. மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு பெரும்பாலும் உயிரணுக்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும். மயில்துத்தம் பட்டு அவை வெடித்தால் நஞ்சு முழுவதும் நீரில் கலந்துவிடும். ஏடு மறையும், நீர் தெளியும், ஆபத்தோ மிகும். காய்ச்சினாலும் இந்நஞ்சு அழிவதில்லை.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவில், 1979ஆம் ஆண்டு, குடிநீர்த் தேக்கத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் இட்டனர். சில நாட்களில் 148 பேர் நோயுற்றனர், பெரும்பாலோர் குழந்தைகள். கல்லீரல் வீங்கிற்று. அங்கே காரணமாகக் கண்டறியப்பட்டது இவ்வினத்து வேறொரு நஞ்சு.

தெளிந்த நீரின் குற்றத்தை நம் கண் அறியாது. கல்லடியில் வாழும் தட்டைப்புழு அறியும். விரல் நகத்தளவான இச்சிறு பிராணியை இரண்டாக வெட்டினால், வால் துண்டு புதுத் தலையையே வளர்த்துக்கொள்ளும்! அத்தகைய உயிருக்கும் செவுள் கிடையாது. உடல் முழுவதும் தோலால் சுவாசிப்பதால், நீரில் கரைந்த நஞ்சு நேரே உட்புகுகிறது. மைக்ரோசிஸ்டின் உயிரணுவின் முக்கிய நொதிகள் சிலவற்றை முடக்குவது. மாட்டுக்கும் மனிதருக்கும் கல்லீரலைத் தாக்கும். கல்லீரலே இல்லாத புழுவில் ஆய்வாளர் வேறு அடையாளங்களைத் தேடுகின்றனர். கட்டமிட்ட தட்டில் புழுவை விட்டு, அது கடக்கும் கோடுகளை எண்ணுகின்றனர். தலை சுருங்குகிறதா, வெட்டுண்ட தலை வளர எத்தனை நாள் தாமதிக்கிறது என்றும் நோக்குகின்றனர். புழு சாகுமுன்னரே நீரின் கேடு புலப்படுவதே இதன் பயன். (செம்பும் இப்புழுவுக்கு நஞ்சே, ஆதலால் மயில்துத்தம் இட்ட குட்டையில் செத்த புழுவைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.)

இவற்றைச் சபையில் நாம் எடுத்துரைத்தோம். முதியவர் ஒருவர், “காய்ச்சினாலுமா?” என்று இருமுறை கேட்டார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. கிணற்றோரம் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட ஆகும் செலவுக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.