பெட்டியில் விழும் காசெல்லாம் இலாபமா?

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். விசைத்தறி வேலையை விட்டுப் பல்லடத்தில் மளிகைக் கடை வைக்கப் போவதாகச் சொன்னான்.

"அம்மாவோட நகையை அடகு வெச்சிருக்கேனுங்க ஸார். தினம் ஐயாயிரம் ரூபாய்க்கு வியாபாரம் நடந்தாப் போதுமுங்க" என்றான்.

ஐயாயிரமும் தன் வருமானமே என்று அவன் எண்ணியிருந்தது தெரிந்தது. அவனுக்குச் சொன்ன பாடத்தை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

மொத்தமாக வாங்கிய சரக்கை, வேண்டியவருக்கு வேண்டிய அளவில், அவர் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கச் செய்வதுதான் சில்லறை வியாபாரம். அந்த ஊழியத்துக்குக் கூலி, கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசமேயாகும். வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம், எலி தின்ற பருப்பு எல்லாம் அதிலிருந்தே போகவேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்கவும் சட்டம் இடங்கொடாது.

அப்படியானால் கடைக்காரர் பிழைப்பது எப்படி? முதல் சுழல்வதனால்தான். ஆயிரம் ரூபாய்ச் சரக்கில் நூற்றுக்கு ஐந்து வீதம் ஐம்பது ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அது மாதம் மும்முறை விற்றுத் தீர்ந்தால், வருஷத்தில் 1,800 ரூபாய். நூற்றுக்கு இருபது கிடைக்கும் பட்டுத் துணியோ வருஷத்தில் இருமுறைதான் விற்றால், அதே ஆயிரத்துக்கு 400 ரூபாயே.

சுழலும் இச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, கடன். இருநூறு ரூபாய்ப் பற்று வராமற் போனால், அதை ஈடுசெய்ய நாலாயிரம் ரூபாய் முதலுள்ள சரக்கை விற்றாக வேண்டும்!

2022-ஆம் வருஷத் தொடக்கத்தில், கூலிப் பிரச்னையால் இவ்வட்டாரத்து விசைத்தறிகள் பல வாரம் நின்றன. எங்கள் தெரு மளிகைக்காரர் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. ஒருவரும் அவரை ஏமாற்றவுமில்லை. ஆயினும் மொத்த வியாபாரிக்குத் தவணையில் பணம் கட்ட முடியாமல் கடையை மூடிவிட்டார்.

"அதுக்காகத் தறி நின்ன வீட்டுக்கு அரிசி இல்லைன்னு சொல்லலாமுங்களா ஸார்?" என்றான் பையன்.

நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில், நெசவாளர் பலர் உட்பட 28 தொழிலாளர்கள் 1844-இல் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். சரியான நிறை, கலப்படமற்ற சரக்கு, ரொக்க வியாபாரம் என்பவை அவர்கள் விதிகள். மிஞ்சிய இலாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினருக்கே பங்கிட்டார்கள். அவ்வழியைப் பின்பற்றி 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை எழுந்தது.

பல்லடத்தில் தனிக் கடைக்காரன் முழு ரொக்கம் என்று பிடிவாதம் செய்ய முடியாது. ஆகவே, "தம்பி, முதலில் பத்தில் ஒரு பங்கைக் கடனுக்கென்று ஒதுக்கிவிடு. அது தீர்ந்தால், பழைய பற்று வந்த பிறகே புதியது. அந்த எல்லை இருந்தால்தான், அடுத்த முறை தறி நிற்கும்போது உன் கடை திறந்திருக்கும்" என்றேன்.

மறு வாரம் 'சரக்கு' என்றும் 'பற்று' என்றும் தலைப்பிட்ட இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டினான். தை மாதம் கடை திறக்கிறான். பற்று நோட்டில் முதல் பெயர் நம்முடையதாக இருக்கக் கூடாது என்று என் மனைவி இப்போதே எச்சரித்துவிட்டாள்!