முதுகெலும்பில் காசநோய்: கத்தி எப்போது வேண்டும்?

காசநோய் என்றதும் இருமலும் சளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நோய்க் கிருமி இரத்தத்தின் வழியே சென்று முதுகெலும்பையும் பற்றக்கூடும் என்பதைப் பலர் அறியார். எலும்புகளையும் மூட்டுகளையும் தாக்கும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பிலேயே குடிகொள்கிறது. முதுகு கூனிக் கால்கள் செயலிழக்கும் இந்நோயை 1779-இல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் விளக்கி எழுதினார். அன்றுமுதல் அது அவர் பெயராலும் வழங்கலாயிற்று.

கிருமி பெரும்பாலும் முள்ளெலும்புகளின் முன்பகுதியையே அரிக்கிறது. வலுவிழந்த எலும்பு முன்புறமாகச் சரிய, முதுகு கூனுகிறது. சீழும் சிதைந்த எலும்பும் பின்னாலுள்ள தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் மரத்துத் தளரும். மலசலக் கட்டுப்பாடும் போய்விடும்.

அழுத்தத்தை நீக்க, முதுகின் பின்புற எலும்பை வெட்டியெடுப்பதே முன்னாளில் வழக்கமாயிருந்தது. நோய் இருந்ததோ முன்புறத்தில். வெட்டுண்டதோ நல்ல எலும்பு! அதனால் பலருக்குக் கூன் மிகுந்தது. 1950-களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் முன்புறமாகவே நோயுற்ற இடத்தை அணுகி, கெட்ட எலும்பை அகற்றி, நோயாளியின் விலா எலும்பு முதலியவற்றை அங்கே பொருத்தினர்.

அப்படியாயின் எல்லாருக்கும் அறுவை வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை தேடிய நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் 1975-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நடக்கும் ஆற்றலை இழக்காத நோயாளிகளுள் சிலருக்கு ஹாங்காங் முறை அறுவையும் மருந்தும், மற்றவர்க்கு மருந்து மட்டும் அளிக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பின் நோக்கியபோது, இரு சாராரிலும் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் நலமுற்றிருந்தனர். காசியில் பணியாற்றிய மருத்துவர் துலி வகுத்த 'நடுவழி' முறையும் இதனையே கூறிற்று: மருந்து அனைவருக்கும், கத்தி தேவையானவர்க்கு மட்டும்.

தேவையானவர் யாவர்? மருந்து உண்டும் கால் தளர்ச்சி மிகுவோர், திடீரெனச் செயலிழப்போர், முதுகெலும்பு நிலைகுலைந்தோர், கூன் பெருகிவருவோர். சிறுவர்க்குத் தனிக் கவனம் வேண்டும். நோய் ஆறிய பின்னரும் உடல் வளர வளரச் சிலருக்குக் கூனும் வளரும் என்று கோவை மருத்துவர் ராஜசேகரன் பல்லாண்டு கவனித்து எழுதியுள்ளார். இன்று டைட்டேனியத் திருகுகளும் தண்டுகளும் கொண்டு முதுகெலும்பை நிமிர்த்தி நிறுத்த முடிகிறது. எனினும் அறுவை கிருமியைக் கொல்லாது. அதைக் கொல்வது மருந்தே. அதனைப் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் உட்கொள்ள வேண்டும்.

பெற்றோரே, வாரக்கணக்கில் நீளும் முதுகுவலி, இரவில் மிகும் வேதனை, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றை வெறும் 'வாயுப் பிடிப்பு' என்று தள்ளிவிடாதீர்கள். மகளின் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சி நோயை மறைப்பவர்கள், அவள் நடையையே பணயம் வைக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. கால் தளருமுன் மருத்துவரிடம் செல்வோர் பலருக்குக் கத்தியே தேவைப்படாது. தளர்ந்த பின் செல்வோர்க்கோ சிறந்த கத்தியும் சில வேளைகளில் காலங்கடந்ததாகிவிடும்.